பூனை மூடிய மண், ரக்கூன் விட்ட குவியல்

நெதர்லாந்தில் ஒரு பைன் தோப்பு. மரத்தடியில் செவ்வணில் ஒன்று செத்துக் கிடக்கிறது. மேலே காயமில்லை. காதில் குஞ்சம்போல நிற்கும் மயிர்கூடக் கலையவில்லை. கையில் எடுத்தால் கனம் இருக்கிறது. பட்டினி கிடந்த உடம்பில்லை. முந்தாநாள்வரை கொட்டை பொறுக்கித் திரிந்த பிராணி. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் இண்டியானாவில், வீட்டுக் கொல்லை ஓக் மரத்தடியில் ஒரு சாம்பல் அணில். இது உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து போயிருக்கிறது. செக்குமாடுபோல ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வருகிறது. நேராக ஓட எத்தனித்தால் உருண்டு விழுகிறது. ஆள் பக்கத்தில் போய் நின்றாலும் மரத்தில் தாவ வேண்டுமென்று அதற்குத் தோன்றவில்லை.

இந்த இரண்டும் நான் கண்ணால் கண்டவை அல்ல. விலங்கு நோயியல் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் அடையாளங்களைக் கோத்து வரைந்த படங்கள். முதல் அணிலைக் கொன்றது டாக்ஸோபிளாஸ்மா கோண்டியை என்னும் ஒற்றைச் செல் உயிரி. இரண்டாவதைக் கொன்றுகொண்டிருப்பது பெய்லிஸாஸ்காரிஸ் புரோசயோனிஸ் என்னும் உருளைப்புழு. ஒன்று பூனையின் மலத்திலிருந்து வந்தது, மற்றது ரக்கூனின் மலத்திலிருந்து. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. பார்க்கச் சகிக்காத அந்தச் சாவில் ஒட்டுண்ணிக்கு வரவு இருக்கிறது. அமைதியாகத் தெரியும் சாவோ ஒட்டுண்ணிக்கே செலவு. அப்படி நஷ்டக் கணக்கு எழுதுகிறவனைத்தான் நம்மால் பிடிக்க முடியவில்லை.

ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் பிராணியை நம் பள்ளிக்கூடப் புத்தகங்கள் 'விருந்தோம்பி' என்கின்றன. யார் போட்ட சொல்லோ, நல்ல குறும்புக்காரர். இந்தக் கதையில் பூனையும் ரக்கூனும் முதன்மை விருந்தோம்பிகள்; ஒட்டுண்ணி இனம் பெருக்குவது அவற்றின் குடலில்தான். அணில் வழியில் இருக்கும் சத்திரம். பூனையும் ரக்கூனும் பெரும்பாலும் சௌக்கியமாக இருக்கும். சத்திரம்தான் இடிந்து விழும்.

டாக்ஸோபிளாஸ்மாவின் முதல் அறிமுகமே ஒரு கொறிணியின் உடம்பில்தான் நடந்தது. 1908-இல் துனிஸ் நகரத்து ஆய்வகத்தில் சார்ல் நிக்கோல், லூயி மான்சோ இருவரும் குண்டி என்ற வட ஆப்பிரிக்கக் கொறிணியில் இதைக் கண்டார்கள். (தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் சங்கடம்தான், அந்த ஊர்ப் பெயர் அது, என்ன செய்ய.) அதே ஆண்டு பிரேசிலில் அல்ஃபோன்சோ ஸ்ப்ளெண்டோர் ஒரு முயலில் கண்டார். வில்போல வளைந்திருந்ததால் கிரேக்கச் சொல்லை வைத்து டாக்ஸோபிளாஸ்மா என்றார்கள். பின்பாதியில் குண்டியின் பெயரை எழுத்துப் பிசகாகக் 'கோண்டி' என்று எழுதிவிட, அறிவியலில் அந்தப் பிழையே நிலைத்துவிட்டது. உலகம் முழுக்க மனிதரிலும் மிருகத்திலும் பறவையிலும் இதைக் கண்டுகொண்டே போனார்கள். இது எங்கிருந்து புறப்படுகிறது என்பதுமட்டும் விளங்கவில்லை. பூனைக் குடலில்தான் இதன் ஆண் பெண் சேர்க்கை நடக்கிறது என்று உறுதியாக 1970 வாக்கில்தான் தெரிந்தது. அறுபது வருஷம், அடுப்படியில் படுத்திருந்த பிராணியின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏன் பூனைமட்டும் என்பதற்கு விடை கிடைக்க இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பை வேறொன்றாக மாற்றும் ஒரு நொதி பூனைக் குடலில் வேலை செய்வதில்லை. அதனால் அந்த அமிலம் அங்கே மிச்சமாகக் கிடக்கிறது. அதுதான் இந்த உயிரிக்குச் சேர்க்கைக்கான சைகை. 2019-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலியில் அந்த நொதியை மருந்தால் அடக்கி, தீனியில் லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். சுண்டெலிக் குடலே ஒரு சின்னப் பூனைக் குடலாகிவிட்டது.

புழுவின் வரலாறு இவ்வளவு சுற்றுவழி இல்லை. நம் ஊரில் குழந்தைகளுக்கு வயிற்றில் வரும் நாக்குப்பூச்சிக்கு இது ஒன்றுவிட்ட உறவு. பெண்புழு ஒரு சாண் நீளம் வரும். ஆண் அதில் பாதி. பிறந்த மண் அமெரிக்கா. பெயர் சூட்டப்பட்டது போலந்தில், 1951-இல், அங்கே வளர்த்த ரக்கூன்களில் பார்த்தவர்களால். ஆனால் இந்த வகைப் புழுவின் லார்வா அணில், எலிகளின் மூளைக்குள் போவதை அந்தப் பெயர் வருவதற்குள்ளாகவே இல்லினாயில் ஜாக் டைனர் என்ற ஆய்வாளர் ஆராயத் தொடங்கிவிட்டார். பிற்பாடு இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கெவின் கஸாகோஸ் இதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். புழு பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர் வழியாக வந்தது.

ரக்கூனைப் பார்த்திராதவர்கள் நம் மரநாயை நினைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய அந்த ஆகிருதி, இன்னும் சற்றுக் குண்டு. கண்ணைச் சுற்றித் திருடன் முகமூடிபோலக் கறுப்பு, வாலில் வளையங்கள். இரவில் இறங்கிக் குப்பைத்தொட்டியை உருட்டும். மரநாய் கழித்த இடத்தில் பழக்கொட்டைகள் செரிக்காமல் அப்படியே கிடப்பதை மொட்டைமாடியில் பார்த்திருப்பீர்கள். ரக்கூனும் அப்படித்தான். ஒரு வித்தியாசம்: அது ஒழுங்குக்காரப் பிராணி. விழுந்த மரத்தின் முதுகு, பெரிய மரத்தின் கவட்டை, பாறைத் திட்டு, வீட்டுக் கூரை, இப்படி ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். பல ரக்கூன்கள் ஒரே இடத்துக்கு வரும். நாளடைவில் அது ஒரு பொதுக் கழிப்பிடம் ஆகிவிடும்.

பூனையின் ஒழுக்கம் வேறு. அது குழி பறித்து, காரியம் முடித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகும். எங்கள் தெருவில் வீடு கட்டக் கொட்டும் மணலில் காலையில் இதைப் பார்க்காத நாளில்லை. சுத்தக்காரப் பிராணி என்று பூனைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே இந்த வழக்கம்தான்.

இரண்டு வழக்கத்துக்கும் எதிரே அணிலின் வழக்கத்தை வைத்துப் பாருங்கள். செவ்வணிலும் சாம்பல் அணிலும் இலையுதிர் காலத்தில் கொட்டைகளை ஒவ்வொன்றாக மண்ணில் புதைத்து வைக்கும். பிறகு குளிரில் மூக்கை மண்ணில் வைத்து மோந்து, முன்னங்காலால் பறித்து, எடுத்த கொட்டையை அதே கையால் பிடித்துக் கடிக்கும். பூனை மூடியதை அணில் திறக்கிறது. ரக்கூன் விஷயத்தில் தோண்டவும் வேண்டாம். மக்காச்சோள மணியும் பழவிதையும் குவியலாகக் கிடக்கிற இடம், விதை தின்னும் பிராணிக்குத் தானியக் களஞ்சியம்தானே. ரக்கூன் கழிப்பிடங்களில் காமிரா வைத்துப் பார்த்தவர்கள் எலிகளும் அணில்களும் வந்து விதை பொறுக்குவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக ஒரு சாவு, அணில் எதிர்பாராமல் அதன் கையில் ஒட்டுகிறது. மற்றதை அணில் தானே தேடிப் போய் எடுத்துக்கொள்கிறது.

புது மலத்தில் ஆபத்து குறைவு என்பது இரண்டுக்கும் பொது. பூனை கழிக்கும் நுண்ணிய கூடுகள் ஒன்று முதல் ஐந்து நாளில் பக்குவமாகும்; ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டு உயிரிகள் தயாராகும். ரக்கூன் கழிக்கும் முட்டைக்குள் லார்வா உருவாக இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதன்பின் கூடு ஈர மண்ணில் மாதக்கணக்கில், தோதாக இருந்தால் ஒரு வருஷத்துக்கு மேலும், கிடக்கும். முட்டை வருஷக்கணக்கில் கிடக்கும். ப்ளீச்சிங் கரைசல் இரண்டையும் ஒன்றும் செய்யாது. சூடுதான் கொல்லும்.

அளவில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஒரு பெண்புழு ஒரு நாளில் லட்சம் முட்டைக்கு மேல் இடும். ஒரு ரக்கூனின் குடலில் பத்திருபது புழு இருப்பது சாதாரணம். அமெரிக்காவின் மத்திய மேற்கு, வடகிழக்குப் பகுதிகளில் ரக்கூன்களில் நூற்றுக்கு எழுபது எண்பதில் புழு இருக்கிறது. மாதக்கணக்கில் இந்த வரத்து நிற்காது. பூனையோ தன் ஆயுளில் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் கூடுகளைக் கழிக்கும். குட்டிப் பருவத்தில் வேட்டையாடப் பழகி முதல் எலியையோ குருவியையோ தின்றபின் ஒன்றிரண்டு வாரம். அந்த ஒன்றிரண்டு வாரத்தில் கோடிக்கணக்கில். பிறகு எதிர்ப்புச் சக்தி வந்து கடையைச் சாத்திவிடும்.

உடம்புக்குள் போனபின் நடப்பதில்தான் இரண்டும் முற்றிலும் பிரிகின்றன.

டாக்ஸோபிளாஸ்மா பெருகும். குடல் சுவரைத் துளைத்து உள்ளே போன ஒரு உயிரி, ஒரு செல்லுக்குள் புகுந்து, தனக்குள்ளேயே இரண்டு மகள்களை உருவாக்கும். மகள்கள் தாயின் உடம்பை உள்ளிருந்தே தங்களுக்கு எடுத்துக்கொண்டு வெளியே வரும். தாய் என்று எதுவும் மிஞ்சாது. செல் நிரம்பி வெடிக்கும். வெளிவந்தவை அடுத்த செல்லைத் தேடும். ஆய்வகத்தில் இது சுமார் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. தடுப்பார் இல்லையென்று வைத்துக்கொண்டால் ஐந்தே நாளில் ஒன்று 32,768 ஆகும். உள்ளே போனது எத்தனை என்பது இங்கே இரண்டாம்பட்சம். உடம்பின் காவல் எத்தனை நாளில் விழித்துக்கொள்கிறது என்பதுதான் உயிர் போவதா நிற்பதா என்பதைத் தீர்மானிக்கிறது.

புழுவின் லார்வா அணிலுக்குள் பெருகவே பெருகாது. நூறு முட்டை தின்றால் அதிகபட்சம் நூறு லார்வா, ஒன்றுகூடக் கூடாது. ஆனால் நடக்கும். கால்நடையாகத் தேசாந்திரம் போகிறவன்மாதிரி நடக்கும். குடலில் முட்டை பொரிந்ததும் சுவரைத் துளைத்து ஈரலுக்கு, அங்கிருந்து நுரையீரல், நுரையீரலிலிருந்து இருதயத்தின் இடப்பக்கம், அங்கிருந்து ரத்தம் போகும் இடமெல்லாம். போகிற போக்கில் வளரவும் செய்யும். பொரியும்போது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாதது இரண்டு மில்லிமீட்டரை நெருங்கும். பெரும்பாலானவை தசையில் தங்கி, உடம்பு கட்டும் சிறைக்குள் அடங்கிவிடும். நூற்றுக்கு ஐந்தாறுதான் மூளைக்கு வழி பிடிக்கும். அந்த ஐந்தாறும் மூளையில் ஓரிடத்தில் இருப்பதில்லை. வளர்ந்துகொண்டே, உழுதுகொண்டே போகும். சுண்டெலியின் மூளையில் ஒரே ஒரு லார்வா போதும், கதை முடிந்துவிடும். அரைக் கிலோ எடையுள்ள சாம்பல் அணிலுக்கு அதைவிடக் கூடுதல் வேண்டும். கழிப்பிடத்துக்குத் தினமும் விதை பொறுக்கப் போகும் அணிலுக்கு அது கிடைப்பதில் சிரமமில்லை. உள்ளே போய் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தலை சாயத் தொடங்கும்.

ஒன்று வட்டிக்கு வட்டி, மற்றது எண்ணி வைத்த ரொக்கம் என்று நான் எனக்காகக் குறித்துக்கொண்டேன். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பிரேதப் பரிசோதனை மேசையில் தெரிவதெல்லாம் தானாகப் புரியும்.

டாக்ஸோபிளாஸ்மாவில் இறந்த செவ்வணிலைத் திறந்தால் நுரையீரல் நீர் கோத்துக் கனத்திருக்கும். வெட்டினால் நுரை வடியும். மண்ணீரல் வீங்கியிருக்கும். ஈரலில் குண்டூசித் தலை அளவுக்கு வெளுத்த புள்ளிகள். ஒவ்வொன்றும் செல்கள் கூட்டமாகச் செத்த இடம். நுண்ணோக்கியில் வைத்தால் எங்கே பார்த்தாலும் வில் வடிவ உயிரிகள். ஒரு உறுப்பு பாக்கியில்லை. இவ்வளவு ஊழி உள்ளே நடந்தும் வெளியே அணில் கொழுகொழுவென்று இருப்பதற்குக் காரணம், மெலிவதற்கே அதற்கு நாள் கிடைக்கவில்லை.

புழுவால் இறந்த அணிலில் கதை தலைகீழ். ஈரல், நுரையீரலில் பழைய தழும்பு கொஞ்சம் இருக்கலாம்; மற்றபடி உடம்பு ஏறக்குறைய ஒழுங்காக இருக்கும். மூளையை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் லார்வா நடந்த தடம் தெரியும். மூளைத் திசு கூழாகிக் கிடக்கும் பாதை, ஓரங்களில் திரண்ட வெள்ளணுக்கள். ஆனால் பாதை போட்டவன் அந்தச் சீவலில் இருக்கமாட்டான். அதற்குள் நாலு சீவல் தள்ளிப் போயிருப்பான். அதனால் சில ஆய்வகங்களில் மூளையை இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே வைத்து அப்பளம்போல அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துத் தேடுவார்கள். அணில் செத்த பிறகும் நெளிந்துகொண்டிருக்கும் லார்வா கண்ணில் படும். முதல் சாவில் கொலையாளிகள் படையாக நிற்கிறார்கள். இரண்டாவதில் ஒருவனையோ இருவரையோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தலை சாய்ந்த அணிலைக் கண்டதும் ஜனங்களுக்கு முதலில் வரும் பயம் வெறிநோய். அமெரிக்காவில் அணில்களில் வெறிநோய் மிக மிக அபூர்வம். அந்தக் கோணல் கழுத்துக்கு ரக்கூன் புழு பலமடங்கு பொருத்தமான காரணம்.

இனி அந்த வரவு செலவு. டாக்ஸோபிளாஸ்மாவுக்குப் பூனைதான் ஊர். அணிலுக்குள் வந்தது ஊர் போய்ச் சேர வேண்டுமானால் பூனை அந்த அணிலைத் தின்ன வேண்டும். தின்றால் மட்டும் போதாது. வேகமாகப் பெருகும் நிலையில் இருக்கும் உயிரிகள் பூனையின் இரைப்பை அமிலத்தில் பெரும்பாலும் மாண்டுபோகும். மெதுவான நிலைக்கு மாறி, மூளையிலும் தசையிலும் பொதிகளுக்குள் பதுங்கியவை உள்ளே போனால்தான் காரியம் நிச்சயம். அப்படித் தின்ற பூனை மூன்று முதல் பத்து நாளில் கூடுகளைக் கழிக்கத் தொடங்கிவிடும். எலியில் இந்த ஏற்பாடு அழகாக நடக்கிறது. எலி சாவதில்லை, பொதிகளைச் சுமந்து திரிகிறது. பூனை மூத்திர வாசனைக்கு அதற்கு இருக்க வேண்டிய பயமும் குறைந்துபோகிறது என்று 2000-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். செவ்வணிலில் அந்த நிதானம் இல்லை. பொதி கட்ட அவகாசமில்லாமல் சத்திரத்தையே கொளுத்திவிடுகிறது. ஆஸ்திரேலியப் பைம்மாப் பிராணிகள், தென்னமெரிக்கக் குரங்குகள், மடகாஸ்கர் லெமூர்கள் எல்லாம் இதே மாதிரிச் சட்டென்று சாகின்றன. பூனையின் மண்ணோடு அதிகம் புழங்காமல் வளர்ந்த வம்சங்கள் அவை. வாழ்நாளில் பெரும்பகுதியை மரத்தில் கழிக்கும் செவ்வணிலும் அந்த வரிசையில் சேரும் என்ற விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. சாம்பல் அணிலும் டாக்ஸோபிளாஸ்மாவால் இறந்ததுண்டு. ஆனாலும் ரத்தத்தில் எதிர்ப்பொருளோடு நடமாடும் சாம்பல் அணில்கள் பல.

புழுவின் கணக்கு இதற்கு நேர்மாறு. சுற்றிச் சுற்றி வரும் அணில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று தெருவில் வைத்த பண்டம். செத்தாலும் அதன் தசையிலும் மூளையிலும் லார்வாக்கள் உயிரோடு காத்திருக்கின்றன. செத்ததையும் சாகக் கிடப்பதையும் ஒன்றுபோல் தின்னும் ரக்கூன் வந்து எடுத்தால், அதன் குடலில் லார்வா புழுவாக வளரும். குட்டி ரக்கூன்கள் முட்டையை விழுங்கியே புழு வாங்கிக்கொள்கின்றன. வளர்ந்த ரக்கூன்கள் பெரும்பாலும் இந்த அணில், எலி வழியாகத்தான். இதற்காகவே லார்வா மூளைக்குப் போகிறது என்று சொல்ல நான் துணியமாட்டேன். அது கண்ட வழியில் போகிறது, மூளையும் ஒரு வழி. ஆனால் போனதால் வரும் பலன் புழுவின் கையில் வந்து விழுகிறது.

இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது. நமக்குக் கிடைக்கும் அணில்கள் யாரோ ஒருவர் கண்ணில் பட்டவை. மரப்பொந்தில் செத்தது கணக்கில் வராது. தோட்டத்தில் செத்துக் கிடந்த செவ்வணிலை எடுத்து அனுப்புகிறவர்கள் வீடும் பூனையும் உள்ள இடங்களில் இருப்பவர்கள். தள்ளாடும் சாம்பல் அணிலைக் கவனிப்பவர்களும் அது தள்ளாடுவதால்தான் கவனிக்கிறார்கள். ஆகவே நூற்றுக்கு இத்தனை என்று வரும் எந்த எண்ணையும் நான் இங்கே தூக்கிப் பிடிக்கவில்லை. ஆனாலும் சில செய்திகளை ஒதுக்க முடியாது. 2014-இல் நெதர்லாந்தில் செவ்வணில்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் செத்துக் கிடந்தன. எடுத்துப் பரிசோதித்தபோது முன்னணிக் காரணமாக நின்றது டாக்ஸோபிளாஸ்மா. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில் சாம்பல் அணில் கிடையாது. சாம்பல் அணில் 1876-இல் அமெரிக்காவிலிருந்து செஷயருக்கு வந்து, அம்மை வைரஸையும் பரப்பி, பிரிட்டனின் பெரும்பகுதியில் செவ்வணிலை விரட்டியது. நடுவே கடல் இருந்ததால் வைட் தீவு பிழைத்தது. அப்படிப் பிழைத்த தீவிலும் பரிசோதனைக்கு வந்த செவ்வணில்களின் சாவுக்கு டாக்ஸோபிளாஸ்மா ஒரு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. சாம்பல் அணிலைக் கடல் தடுத்தது. பூனையை யாரும் தடுக்கவில்லை. படகில் மடியில் வைத்துக் கூட்டிப் போனார்கள்.

புழு ஒரு இனத்தையே ஓரிடத்திலிருந்து துடைத்ததற்கு அணிலில் சான்று இல்லை. அணிலைப்போலவே பண்டம் சேர்க்கும் அலகேனி மர எலியில் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் அது மறைந்துபோனபின், 1990 வாக்கில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். அவையும் செத்தன, மூளையில் லார்வா இருந்தது. மர எலி உலர்ந்த ரக்கூன் கழிவை எடுத்துவந்து தன் வளையில் சேர்த்து வைக்கும் பழக்கமுள்ளது. சாம்பல் அணில் அந்த அளவுக்குப் போவதில்லை, எண்ணிக்கையிலும் அதிகம். ஆகவே ஒவ்வொன்றாகச் சாகிறது, இனம் தாங்கிக்கொள்கிறது.

இரண்டு ஒட்டுண்ணியும் ஒரே காட்டில் சந்திக்கும் இடம் ஒன்றும் உண்டு. 1934-இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸனில், எடர் ஏரிக் கரையில் இரண்டு ஜோடி ரக்கூன்களை விட்டார்கள். இன்று ஜெர்மனியில் அவை லட்சக்கணக்கில் பெருகிவிட்டன. ஹெஸ்ஸன் ரக்கூன்களில் இந்தப் புழு தாராளம். அந்தக் காடுகளின் செவ்வணில் இப்போது பூனை மண்ணையும் தோண்டுகிறது, ரக்கூன் குவியலையும் தாண்டுகிறது.

மனிதருக்கு இந்த இரண்டில் எது ஆபத்து என்று கேட்டால் பதில் விசித்திரமானது. டாக்ஸோபிளாஸ்மா உலக ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு பேரிடம் இருக்கிறது என்பது வழக்கமான மதிப்பீடு. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால்தான் சிசுவுக்கு ஆபத்து. நம் ஊர் மகப்பேறு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் 'டார்ச்' பரிசோதனையின் முதல் எழுத்து இதன் பெயர்தான். ரக்கூன் புழு மனித மூளைக்குப் போனதாகப் பதிவானவை சில பத்துகள்தான். பெரும்பாலும் மண் தின்னும் வயதுக் குழந்தைகள். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி ஆகவில்லை. பள்ளிக்கூடங்களில் குடற்புழு நீக்க நாளில் நம் பிள்ளைகளுக்குச் சப்பக் கொடுக்கும் அதே அல்பெண்டசோல்தான் இதற்கும் மருந்து. முட்டை வாய்க்குள் போன ஓரிரு நாளில் கொடுத்தால் பலிக்கும். மூளையில் தடம் விழுந்தபின் கொடுத்துப் பெரிதாகப் பயனில்லை.

பயத்தின் அளவு மட்டும் இந்த ஆபத்துக் கணக்கைப் பொறுத்து அமையவில்லை. ரக்கூன் என்றால் நோய்க் கூடை, கூரையைக் கெடுப்பது, துரத்த வேண்டியது. பூனை என்றால் பூனை. ரக்கூனின் பெருக்கத்துக்கும் பூனையின் பெருக்கத்துக்கும் காரணம் ஒன்றே: நம் மிச்சம் மீதி. ஒன்றுக்குத் தொட்டியில் போடுகிறோம், மற்றதற்குத் தட்டில் வைக்கிறோம்.

புழுவுக்கு எதிராக ஏதாவது செய்ய முடிகிறது என்பதில் ரக்கூனின் ஒழுங்குக்குப் பெரும்பங்கு. கழிப்பிடம் ஓரிடத்தில் இருக்கிறது, வரைபடத்தில் குறிக்கலாம். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வாரியெடுத்து, கொதிநீர் ஊற்றலாம். மரமும் பாறையுமாக இருந்தால் நெருப்பு ஊதியால் சுடலாம். கிறிஸ்டன் பேஜும் சகாக்களும் கழிப்பிடங்களை அகற்றி, புழுமருந்து கலந்த தீனியை ரக்கூனுக்கு வைத்துப் பார்த்தார்கள். அப்படிச் செய்த இடங்களில் வெள்ளைக்கால் சுண்டெலிகளின் உடம்பில் லார்வா குறைந்தது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் மண்வெட்டியை எங்கே வைப்பது என்பதாவது தெரிகிறது.

நெதர்லாந்துச் செவ்வணிலின் விஷயத்தில் அதுகூடத் தெரியாது. அது வாங்கிய கூடு எந்தத் தோட்டத்து மண்ணில் இருந்தது, மழை எங்கிருந்து அடித்து வந்தது, கழித்தது போன மாதமா போன வருஷமா, ஒன்றுக்கும் விடையில்லை. கழித்த பூனைக்கு அப்போது ஐந்தாறு மாத வயது இருந்திருக்கும். தன் வாழ்நாளின் அந்த ஒன்றிரண்டு வாரத்தை அது முடித்தாகிவிட்டது. இன்று பிடித்துவந்து மலத்தைச் சோதித்தால் ஒரு கூடுகூட இருக்காது. மேசைமேல் அணிலின் ஈரலில் வெளுத்த புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில், அது யார் வீட்டு ஜன்னல் திண்டிலோ வெயிலில் படுத்து உள்ளங்காலை நக்கிக்கொண்டிருக்கும்.